இறந்தோர் ஏடு

இறந்தோரை அடக்கம் செய்வதைத் திருச்சபை இரக்கச் செயல்களுள் ஒன்றாகத் தொன்றுதொட்டு எண்ணி வந்திருக்கிறது. நினிவே நகரில் கொல்லப்பட்டுக் கிடந்த தம் இனத்தாரின் உடல்களைக் கதிரவன் மறைந்த பின் எடுத்துப் புதைத்த தோபித்தின் வரலாற்றை நாம் அனைவரும் அறிவோம். ஆனால் புதைக்கப்பட்டவரின் பெயரை ஓர் ஏட்டில் எழுதிவைக்க வேண்டும் என்னும் கடமை அவ்வளவு பழமையானதன்று. அது நானூறு ஆண்டுகளைச் சற்றே கடந்த வழக்கம். அந்த வழக்கம் எவ்வாறு பிறந்தது, நம் மண்ணில் எவ்வாறு வேரூன்றியது என்பதை அறிந்திருப்பவர்க்கே, இன்று ஒரு தாத்தாவின் இறப்புச் சான்றிதழைத் தேடி அலையும்போது எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்பது விளங்கும்.

திரிதெந்து பொதுச்சங்கம் 1563ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள் நடந்த தன் 24ஆம் அமர்வில், பங்குக் குரு திருமண ஏடு ஒன்றை வைத்திருக்க வேண்டும் எனக் கட்டளையிட்டது. ஞானப் பெற்றோரின் பெயர்களை எழுதிவைக்கவும் அதே அமர்வு பணித்தது. இறந்தோரைப் பற்றி அங்கே பேச்சு இல்லை. அதற்கு இன்னும் ஐம்பது ஆண்டுகள் கழிந்தன. 1614இல் திருத்தந்தை ஐந்தாம் பவுல் வெளியிட்ட உரோமைச் சடங்கு நூலே, ஒவ்வொரு பங்கிலும் ஐந்து ஏடுகள் இருக்க வேண்டும் என வகுத்தது. திருமுழுக்கு பெற்றோர், உறுதிபூசுதல் பெற்றோர், மணம் முடித்தோர், பங்கில் உள்ள ஆன்மாக்களின் நிலை, இறந்தோர் என்பவை அந்த ஐந்து.

அரசுகள் இதற்கு முன்பே விழித்துக்கொண்டன என்பதையும் சொல்லியாக வேண்டும். பிரான்சு நாட்டில் 1539இல் வெளிவந்த வில்லெர்-கோத்ரே ஆணைதான் இறப்பை எழுதிவைக்கச் சொன்ன தொடக்கக் காலச் சட்டங்களுள் ஒன்று. ஆனால் அது எல்லாருடைய இறப்பையும் கேட்கவில்லை. கோயில் மானியம் பெற்றுவந்த குருக்களின் இறப்பை மட்டுமே கேட்டது. காரணம் வேடிக்கையானது. மானியம் பெற்றவர் இறந்த செய்தியை மறைத்து, உடலை ஒளித்துவைத்து, அந்த வருமானத்தைக் கைப்பற்ற முயன்றவர்கள் இருந்தனர். இறப்புப் பதிவேட்டின் தோற்றத்தில் எம் போன்ற குருக்களுக்கு இத்தகைய பங்கும் உண்டு! 1579இல் புளுவா ஆணை, அடக்கப் பதிவை அனைவருக்கும் விரித்தது. 1667இல் பதினான்காம் லூயி, ஏடுகளை இரு படிகளாக எழுதி, ஒன்றை நீதிமன்றத்தில் ஒப்படைக்க வேண்டும் என்றார். 1792 செப்டம்பர் 20ஆம் நாள் புரட்சி அரசு இந்த ஏடுகளைப் பங்குக் குருக்களிடமிருந்து எடுத்து நகராட்சிகளின் கையில் கொடுத்தது. இங்கிலாந்திலோ 1538இல் தாமஸ் கிராம்வெல்லின் ஆணையால் தொடங்கிய கோயில் பதிவு, 1837 சூலை முதல் நாளில் அரசுப் பதிவுக்கு வழிவிட்டது.

இனி நம் ஊருக்கு வருவோம். பழைய பங்கு ஒன்றின் இறந்தோர் ஏட்டைத் திறந்து பார்த்தவர்கள் அறிவார்கள்: இலத்தீன் மொழியில், ஒரே அச்சில் வார்த்தது போன்ற வரிகள். இன்ன நாளில், இன்னார், இத்தனை வயதினர், தாய்த் திருச்சபையின் ஒன்றிப்பில் உயிர் நீத்தார், பாவசங்கீர்த்தனம் செய்தார், வழியுணவாக நற்கருணை பெற்றார், அவஸ்தைப் பூசுதல் பெற்றார், இன்ன இடத்தில் அடக்கம் செய்யப்பட்டார், கீழே குருவின் கையொப்பம். அந்தக் குருவின் கவலை சொத்துரிமை அன்று, ஆன்ம மீட்பு. ஆகவே எந்த நோயால் இறந்தார் என்பது பெரும்பாலும் இராது. எந்தெந்த அருட்சாதனங்களோடு இறந்தார் என்பது தவறாமல் இருக்கும். வாந்திபேதி பரவிய ஆண்டுகளை நோயின் பெயரால் அறிய முடியாது; பக்கங்கள் நெருங்கி, கையெழுத்து அவசரமாகி, 'அருட்சாதனங்கள் பெறாமல்' என்னும் சொற்கள் அடுத்தடுத்து வருவதால் அறியலாம்.

தேடி வருவோர்க்கு முதல் தடை இலத்தீன் அன்று, பெயர். நம் முன்னோர் புனிதர்களின் பெயர்களை அப்படியே சுமந்து திரியவில்லை, தமிழாக்கிக் கொண்டார்கள். ஏட்டில் பேத்ருஸ் என்று இருப்பவர் வீட்டில் இராயப்பன். பவுலுஸ் சின்னப்பன். யோவான்னெஸ் அருளப்பன். யாக்கோபுஸ் என்பவர் ஓரிடத்தில் யாகப்பன், மற்றோரிடத்தில் சந்தியாகு. யோசேப்புஸ் சூசை. முடி என்னும் பொருளுடைய கிரேக்கப் பெயரைத் தாங்கிய ஸ்தேவான் முடியப்பன் ஆனார். அலோசியுஸ் ஞானப்பிரகாசம், தோமினிக்குஸ் சாமிநாதன். பேரன் 'சாமிநாதன்' என்று கேட்டு வருவான்; ஏட்டில் அந்தப் பெயர் எங்குமே இராது. பழைய உபதேசியார்கள் இருந்த காலத்தில் இது சிக்கலாக இருந்ததில்லை. இன்று அலுவலகத்தில் அமரும் இளம் எழுத்தருக்கு இந்த உறவுமுறை தெரிவதில்லை. "பதிவு இல்லை" என்று திருப்பி அனுப்பிவிடுகிறார். போதாக்குறைக்கு, குடும்பப் பெயர் என்ற ஒன்று நம்மிடம் இல்லை. ஒரே பக்கத்தில் மூன்று அந்தோணிகள் இருந்தால், தந்தை பெயரையோ, மனைவி பெயரையோ, திருமுழுக்கு ஏட்டையோ கொண்டுதான் நம்மவரைப் பிரித்தறிய வேண்டும்.

இன்னொன்று உண்டு. ஏட்டில் தலைப்பில் இருக்கும் நாள் அடக்கத்தின் நாளாக இருக்கலாம். இறப்பு அதற்கு முந்திய நாள். அரசு ஆவணத்தில் ஒரு நாளும் கோயில் ஆவணத்தில் மறுநாளும் இருந்தால் இரண்டில் ஒன்று பொய் என்று பொருளன்று.

தமிழகத்தில் மிகப் பழைய, தொடர்ச்சியான இறப்புப் பதிவுகளுக்கு எடுத்துக்காட்டாகப் புதுச்சேரியையே சொல்வேன். பிரான்சுவா மர்த்தேன் 1674இல் பொறுப்பேற்ற அந்தச் சிறு கடற்கரைக் குடியிருப்பில், 1676ஆம் ஆண்டு தொடங்கிய பதிவுகள் இன்றும் நமக்குக் கிடைக்கின்றன. ஐரோப்பியருக்குக் கப்புச்சின் சபைக் குருக்களும், தமிழ்க் கிறித்தவர்களுக்கு இயேசு சபைக் குருக்களும் பங்குப் பணி ஆற்றிய ஊர் அது. 1761 சனவரியில் ஆங்கிலேயர் புதுச்சேரியைக் கைப்பற்றி, கோட்டையையும் வீடுகளையும் கோயில்களையும் தரைமட்டமாக்கினார்கள். இன்று சம்பா கோவில் எனப்படும் பேராலயம் அந்த அழிவுக்குப் பின் எழுப்பப்பட்டதே. கல்லால் கட்டியவை வீழ்ந்த ஊரில் தாளில் எழுதியவை தப்பின என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. பிரெஞ்சிந்தியாவின் ஆளுநராக இருந்த வரலாற்றறிஞர் அல்பிரேட் மர்த்தினோ, 1676 முதல் 1760 வரையிலான பதிவுகளின் சுருக்கத்தை இரண்டு தொகுதிகளாக அச்சிட்டார். முதல் தொகுதி 1917இல் வெளிவந்தது.

பின்னர் 1776 சூன் மாதத்தில் பதினாறாம் லூயி மற்றோர் ஆணை பிறப்பித்தார். குடியேற்ற நாடுகளின் பொது ஆவணங்களுக்கென்று வெர்சாய் நகரில் ஒரு காப்பகம் ஏற்படுத்தி, பிறப்பு, திருமணம், இறப்பு ஏடுகளின் கூடுதல் படி ஒன்று அங்கே வந்து சேர வேண்டும் என்றார். கரையானுக்கும் கடற்காற்றுக்கும் புயலுக்கும் போருக்கும் அஞ்சிச் செய்த ஏற்பாடு. அதன் பயனை நாம் இன்றும் நுகர்கிறோம். அந்தப் படிகள் இப்போது எக்ஸ்-ஆன்-புரோவான்சு நகரில் உள்ள கடல்கடந்த நாடுகளின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. புதுச்சேரியின் பழைய ஏடுகளைப் படம்பிடித்துக் கணினி வழியே எவரும் காணும்படி வைத்திருக்கிறார்கள். 1880 ஏப்ரல் 24ஆம் நாள் ஆணை, பிரெஞ்சிந்தியாவில் வாழ்ந்த இந்தியர்களின் குடிமைப் பதிவை முறைப்படுத்தியது. எனவே அந்த ஆண்டுக்குப் பின் கோயில் ஏட்டில் மட்டுமன்றி நகராட்சி ஏட்டிலும் நம்மவரைத் தேடலாம். 1962 ஆகஸ்டு 16ஆம் நாள் இணைப்பு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபின் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிந்துகொண்ட குடும்பங்களுக்கு நாந்து நகரில் உள்ள மையக் குடிமைப் பதிவகம் வேண்டியதாகிறது. சைகோனில் பணியாற்றி அங்கேயே கண்மூடிய தந்தையின் இறப்புப் பத்திரம் இல்லாமல் ஓய்வூதியத்திற்கும் குடியுரிமைக்கும் அலைந்த தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் உண்டு. அவர்கள் தேட வேண்டிய ஏடு புதுச்சேரியில் இராது, சைகோன் ஏட்டில்தான் இருக்கும். இந்த ஒரு நுட்பம் தெரியாததால் பலர் ஆண்டுக்கணக்கில் தவறான வாயிலில் காத்து நின்றார்கள்.

பிரெஞ்சு முறையில் என்னைக் கவர்வது ஓரக் குறிப்பு. ஒருவருடைய பிறப்புப் பதிவின் ஓரத்தில் அவருடைய திருமணத்தை 1897 முதலும், இறப்பை 1945 முதலும் குறிக்கத் தொடங்கினார்கள். போரில் மடிந்தவரின் இறப்புப் பதிவில் 'பிரான்சுக்காக இறந்தார்' என்று எழுத 1915 சூலை 2ஆம் நாள் சட்டம் வகை செய்தது. நம் திருமுழுக்கு ஏட்டின் ஓரத்திலும் உறுதிபூசுதலையும் திருமணத்தையும் குருப்பட்டத்தையும் குறிக்கிறோம். இறப்பைக் குறிக்கும் பழக்கம் மட்டும் ஏனோ பரவலாக இல்லை. குறித்தால் நன்று என்பது என் கருத்து; தேடுவோர்க்குப் பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

ஆங்கிலேயர் ஆட்சிப் பகுதியில் கதை வேறு. சென்னைக் கோட்டையின் கோயில் குருக்கள் தம் ஏடுகளின் படிகளை இலண்டனுக்கு அனுப்பிவந்தார்கள். சென்னை மாகாணத்துக்குரியவை 1698 முதல் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. ஆனால் அவற்றில் பெரும்பாலும் ஐரோப்பியரும் ஆங்கிலோ-இந்தியருமே இடம்பெறுகிறார்கள். 1886இல் வந்த இந்தியச் சட்டம் கிறித்தவர்கள் தம் பிறப்பையும் இறப்பையும் விரும்பினால் பதிவு செய்துகொள்ள வழி திறந்தது, கட்டாயம் இல்லை. சென்னை மாகாணத்தின் 1899ஆம் ஆண்டு 3ஆம் சட்டத்தின் கீழ்தான் சிற்றூர்களின் இறப்புகள் சட்டப்படி ஏட்டில் ஏறத் தொடங்கின. எழுதியவர் கிராம முன்சீப். அவருடைய ஏட்டைப் பற்றிப் பலர் குறை சொல்வார்கள். எனினும் 1918 இன்ஃபுளுவென்சா நாள்களில் ஒரு சிற்றூரில் எத்தனை பேர் மாண்டனர் என்று சொல்லக்கூடிய ஏடு, கோயில் ஏட்டை விட்டால் அது ஒன்றே. 1980 நவம்பர் 14ஆம் நாள் தமிழக அரசு அந்தப் பரம்பரை, பகுதிநேரக் கிராமப் பதவிகளை ஒழித்தது. அதன்பின் வந்தவர் கிராம நிர்வாக அலுவலர்.

இன்று நாடு முழுவதும் நடைமுறையில் உள்ளது 1969ஆம் ஆண்டுப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம். 1970இல் நடைமுறைக்கு வந்து, 2023இல் திருத்தம் பெற்றது. இச்சட்டத்தில் நம் மக்கள் அறிந்திருக்க வேண்டிய முதன்மையான செய்தி, இறப்பு நிகழ்ந்த இடத்திலேயே பதிவு நடைபெறும் என்பது. இறந்தவர் எந்த ஊரார் என்பது கணக்கில்லை. மருத்துவமனையில் இறந்தால் அந்த மருத்துவமனை அமைந்த நகரத்தின் ஏட்டில், ஓடும் வண்டியில் இறந்தால் வண்டி முதலில் நின்ற இடத்தின் ஏட்டில். சென்னை அரசு மருத்துவமனையில் உயிர் நீத்து, சொந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் துயில்கிறவரின் அரசுப் பதிவு சென்னை மாநகராட்சியிலும், அடக்கப் பதிவு ஊர்ப் பங்கிலும் இருக்கும். வீட்டில் இறந்தவரின் பதிவு சிற்றூரில் கிராம நிர்வாக அலுவலரிடம் தொடங்கும். பழைய ஆண்டுகளின் கிராம ஏடுகளைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்க வேண்டும். அண்மை ஆண்டுகளின் பதிவுகள் கணினியில் உள்ளன.

21 நாள்களுக்குள் அறிவித்தால் கட்டணம் இல்லை. அதைக் கடந்து 30 நாள்களுக்குள் என்றால் தாமதக் கட்டணம். ஓராண்டுக்குள் என்றால் உரிய அதிகாரியின் எழுத்து வழி இசைவு. ஓராண்டையும் கடந்துவிட்டால் முன்பு முதல் வகுப்பு நீதித்துறை நடுவரின் ஆணை வேண்டியிருந்தது. 2023 திருத்தம் அந்த அதிகாரத்தை மாவட்ட நடுவர், உட்கோட்ட நடுவர், அல்லது மாவட்ட நடுவரால் அதிகாரம் பெற்ற நிர்வாக நடுவரிடம் கொடுத்திருக்கிறது. ஆணை கேட்டுப் போகும் முன், தேடிப் பார்த்ததில் பதிவு இல்லை என்னும் சான்றைப் பதிவாளரிடம் பெற வேண்டும். அந்த இடத்தில்தான் பங்கின் இறந்தோர் ஏடு கைகொடுக்கிறது. குடும்பத்தாரின் வாக்குமூலத்தைவிட, சம்பவம் நடந்த நாளிலேயே, வேறு எந்த நோக்கமும் இல்லாத ஒருவர் எழுதிய வரிக்கு மதிப்பு அதிகம். எனவே பங்கு அலுவலகத்தில் நகல் கேட்போர்க்கு "உங்களுக்கு இது எதற்கு?" என்று குருக்கள் சலிக்கலாகாது. இறப்புச் சான்று இல்லையேல் வாரிசுச் சான்று இல்லை. அஃதில்லையேல் பட்டா மாறாது, வங்கிக் கணக்கு திறவாது, கைம்பெண் உதவித்தொகை கிட்டாது.

கல்லறைத் தோட்டத்தின் பொறுப்பாளருக்கு அங்கு நடக்கும் அடக்கங்களைப் பதிவாளருக்கு அறிவிக்கும் கடமையை அச்சட்டத்தின் 10ஆம் பிரிவு விதிக்கிறது. இதைப் படிக்கும் பங்குப் பேரவை உறுப்பினர்கள் தம் ஊரில் அது நடைபெறுகிறதா என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கட்டும்.

தேடுவோர் ஆண்டு தெரியாமல் வருவதே மிகுதி. "பெரும் புயல் அடித்த வருசம்", "மாதா தேர் முடிஞ்ச மூணாம் நாள்" என்பார்கள். இவற்றை இகழ வேண்டா. தனுஷ்கோடியை அழித்த புயல் 1964 டிசம்பர் 22, 23 நாள்களில் வந்தது. நாகப்பட்டினம் கரையைத் தாக்கிய புயல் 1952 நவம்பர் இறுதியில் வந்தது. திருநாள்களோ ஆண்டு தெரிந்தால் நாளே தெரியும். நினைவில் நிற்கும் நிகழ்ச்சியைக் கொண்டு ஆண்டை நெருங்கி, முன்னும் பின்னும் ஈராண்டு புரட்டினால் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

கிடைக்காமற் போவதும் உண்டு. அதற்குக் கரையான் மட்டும் காரணமன்று. 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1240ஆம் விதி, அறிந்தே தற்கொலை செய்துகொண்டவருக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. அத்தகையவரின் பெயர் ஏட்டில் ஏறாது போயிற்று. 1983ஆம் ஆண்டுச் சட்டம் அந்தப் பட்டியலிலிருந்து தற்கொலையை நீக்கிவிட்டது. திருமுழுக்கு பெறுமுன் இறந்த குழந்தைகளுக்கும், பெற்றோர் திருமுழுக்கு அளிக்கக் கருதியிருந்தால், ஆயரின் இசைவோடு அடக்கச் சடங்கு செய்யலாம் என்றது. ஆனால் பழைய ஏட்டின் இடைவெளிகள் இடைவெளிகளாகவே இருக்கின்றன. தன் அக்காளின் பெயரைத் தேடிவந்த ஒரு முதியவரிடம் நான் ஐந்து ஆண்டுகளின் பக்கங்களைக் காட்டினேன். இல்லை என்று கண்டபின் அவர் நெடுநேரம் பேசவில்லை. "அப்போ வெளியேதான் புதைச்சாங்களா, சாமி?" என்று கேட்டார். அவருக்குச் சான்றிதழ் தேவைப்படவில்லை.

நம் கல்லறைத் தோட்டங்கள் சிலவற்றில் சாதிச் சுவர் நிற்பதையும் இங்கே மறைக்க முடியாது. நான் பணியாற்றிய பங்கு ஒன்றில் தோட்டம் இரண்டு, வாயில் இரண்டு. ஏடு மட்டும் ஒன்று. வரிசை எண் இறந்த நாளின்படி ஓடுகிறது. சுவரின் இருபுறத்தாரும் அங்கே அடுத்தடுத்த வரிகளில் கிடக்கிறார்கள்.

அரசுச் சட்டத்தில் மனிதநேயம் மிக்க ஒரு வரியையும் குறிப்பிடுவேன். எவரும் கட்டணம் செலுத்தி ஏட்டில் தேடச் சொல்லலாம், நகலும் பெறலாம் என்று கூறும் 17ஆம் பிரிவு, இறப்பின் காரணத்தை மட்டும் நகலில் வெளியிடக் கூடாது என்கிறது. ஏட்டில் அது இருக்கும், வெளியே வராது. பாவசங்கீர்த்தன இரகசியத்தில் வளர்ந்த நமக்கு இதன் அருமை விளங்கும்.

இனி, உடலே கிடைக்காதவர்கள். ஏழு ஆண்டுகள் ஒருவரைப் பற்றிச் செய்தியே இல்லையெனில், அவர் உயிரோடு இருப்பதாகச் சொல்பவரே அதை மெய்ப்பிக்க வேண்டும் என்றது 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவு. 2024 சூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் அதே நெறியைக் கொண்டிருக்கிறது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின்னும், 2017 நவம்பர் இறுதியில் குமரிக் கடலைச் சூறையாடிய ஒக்கிப் புயலுக்குப் பின்னும், ஏழு ஆண்டுகள் காத்திருக்க இயலாத குடும்பங்களுக்குத் தனி விசாரணை முறையில் வழி செய்யப்பட்டது. கேரளக் கரையில் ஒதுங்கிய உடல்கள் சில மரபணுச் சோதனையால் அடையாளம் காணப்பட்டன. பலருக்கு அதுவும் வாய்க்கவில்லை.

திருச்சபையின் அளவுகோல் இதில் அரசினுடையதிலிருந்து வேறுபடுகிறது. கைம்பெண்ணின் மறுமணத்தில் அந்த வேறுபாடு வந்து நிற்கும். 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின் 1707ஆம் விதிப்படி, துணைவரின் இறப்பை உண்மையான ஆவணத்தால் மெய்ப்பிக்க முடியாதபோது, ஆயர் இறப்பை அறிவித்தால் அன்றி மற்றவர் திருமணப் பிணைப்பிலிருந்து விடுபட்டவர் ஆகார். எத்தனை ஆண்டு காணாமற் போனார் என்பது மட்டும் போதாது. சாட்சியங்களாலும் பேச்சாலும் அறிகுறிகளாலும் ஆயர் அறநெறி உறுதி அடைய வேண்டும். கேட்பவர்க்கு இது கடுமையாகத் தோன்றும். ஆனால் இதன் மறுபக்கத்தைப் பார்க்க வேண்டும்: அரசு ஏழு ஆண்டுகளை எண்ணுகிறது, ஆயர் மன்றமோ ஆண்டுகளை எண்ணுவதில்லை. உடன் சென்ற படகுக்காரர் அலையில் கவிழ்ந்ததைக் கண்டிருந்தால், ஆறே மாதத்தில்கூட அறிவிப்பு வரலாம். 1868ஆம் ஆண்டில் இதற்கென வெளியான உரோமை அறிவுரை, போரிலும் கடலிலும் காணாமற் போனோரைப் பற்றி யாரை விசாரிக்க வேண்டும் என்பதுவரை விளக்குகிறது. ஆகவே மீனவ ஊர்களின் பங்குக் குருக்களுக்கு என் வேண்டுகோள்: படகில் இருந்தவர்களின் சாட்சியத்தை நினைவு மங்குமுன், கையொப்பத்தோடு எழுதி வாங்கிப் பங்கின் கோப்பில் வையுங்கள். இளம் மனைவி இன்று அதைக் கேட்க மாட்டாள். நான்கு ஆண்டு கழித்துக் கேட்பாள். அப்போது அந்தப் படகுக்காரர் வேறு துறைமுகத்தில் இருப்பார்.

அத்தகையோரை இறந்தோர் ஏட்டில் எழுதலாமா என்று இளம் குருக்கள் கேட்கிறார்கள். ஆயரின் அறிவிப்போ அரசின் சான்றோ வந்தபின், அதன் எண்ணையும் நாளையும் குறித்து எழுதலாம். அடக்கம் செய்த இடம் என்னும் பத்தியைக் கோடிட்டு விடுவது வழக்கம். ஓர் ஏட்டில் அங்கே 'கடல்' என்று எழுதியிருக்கக் கண்டேன்.